உண்மை ஒலியும் சாய ஒலியும்

துணிக்கடையில் நம் அன்னையர் சேலை எடுப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். கடை விளக்கின் ஒளியில் ஒரு சேலை மனத்துக்குப் பிடித்துப் போனாலும், உடனே பணம் கொடுத்துவிட மாட்டார்கள். வாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பின்னரே முடிவு செய்வார்கள். விளக்கு தன் நிறத்தையும் துணியின்மேல் ஏற்றிக் காட்டுகிறது அல்லவா? நாம் காதில் அணியும் ஹெட்போனும் அப்படித்தான். இந்த உண்மையை நாங்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்டோம்.

ஆண்டு விழாவுக்காக நாங்கள் பயின்ற குழுப் பாடலை ஒரு நாள் பதிவு செய்தோம். தோழி ஒருத்தியின் ஹெட்போனில் கேட்டபோது மிருதங்கம் கம்பீரமாக முழங்கியது. "பிரமாதம்!" என்று பூரித்துப் போனோம். மறுநாள், ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரியும் மற்றொரு தோழியின் மாமா, தம் தொழிலுக்கு வைத்திருக்கும் ஹெட்போனைக் கொண்டு வந்தார். அதில் கேட்டதும் எங்கள் முகம் வாடிவிட்டது. முழக்கம் அடங்கியிருந்தது. இரண்டாம் குரல் சுருதியை விட்டுச் சற்றே இறங்கி ஒலித்தது. இரண்டாம் குரல் பாடியவர்கள் நாங்களேதான்!

"இந்த ஹெட்போன் நன்றாக இல்லை, மாமா" என்றாள் ஒருத்தி. "ஹெட்போன் நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா" என்று அவர் சிரித்தார்.

இதன் காரணத்தைக் காண்போம். மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளைக் கேட்க வல்லது. பதிவில் உள்ள தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த ஒலிகளைக் கூட்டாமலும் குறைக்காமலும் தருவது நடுநிலை ஹெட்போன். சிலவற்றை வேண்டுமென்றே எடுப்பாக்கித் தருவது சாயம் ஏற்றிய ஹெட்போன். தாழ்ந்த ஒலியைக் கூட்டினால் மிருதங்கத்தின் தொப்பி இடிபோல் முழங்கும். உயர்ந்த ஒலியைக் கூட்டினால் தாளத்தின் ஓசை பளிச்சென்று கேட்கும். ஆனால் 'ஸ' என்னும் ஓசை ஊசிபோல் குத்தும். பலத்த தாழ்ந்த ஒலிக்குத் தனக்கு மேலுள்ள ஒலிகளை மறைக்கும் தன்மையும் உண்டு. எங்கள் பிழையும் அவ்வாறுதான் முழக்கத்துக்குப் பின்னே ஒளிந்துகொண்டது.

அப்படியானால், எல்லா அதிர்வுகளையும் ஒரே அளவில் செவிப்பறைக்கு அனுப்புவதுதான் நடுநிலையா? இல்லை என்பதே வியப்பு. நம் செவிக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ளது. புல்லாங்குழலைப் போல் அதுவும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைப் பெருக்கிக் காட்டும். செவிமடலும் தலையும் தோளும் ஒலியை மாற்றுகின்றன. எதிரே ஒருவர் பாடும்போது இம்மாற்றங்களோடுதான் பாட்டு செவிப்பறையை அடைகிறது. காதை மூடிய ஹெட்போனில் இவற்றுள் பல குலைந்துவிடும். எனவே அதைச் செய்பவர் ஈடுசெய்ய வேண்டும். 2013-ஆம் ஆண்டில் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ், டாட் வெல்ட்டி ஆகியோர், பலரைக் கேட்கச் செய்து ஆராய்ந்தனர். நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி ஒலிப்பதுபோன்ற ஒலியையே கேட்டவர்கள் பெரிதும் விரும்பினர்.

விலை உயர்ந்த ஹெட்போன்கள் எல்லாம் நடுநிலையானவை என்று எண்ணிவிடக் கூடாது. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட எச்.டி. 600 நடுநிலைக்குப் பெயர் பெற்றது. அமெரிக்காவின் புரூக்ளினில் உருவாகும் கிராடோ ஹெட்போன்களோ எடுப்பான, பளிச்சென்ற ஒலிக்குப் புகழ் பெற்றவை. இரண்டுக்கும் அன்பர்கள் உண்டு. களைத்து வந்து பாட்டுக் கேட்பவருக்குச் சாய ஒலி இன்பம் தருமாயின் அதில் குற்றமில்லை. ஆனால் பாட்டைத் திருத்த விரும்புவோருக்கு நடுநிலை ஒலியே துணை.

இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒலி குறையும்போது தாழ்ந்த ஒலிகள் நம் செவிக்கு மேலும் மெலிந்து கேட்கும் என்பதை பிளெட்சர், மன்சன் என்னும் அறிஞர்கள் 1933-இலேயே காட்டினர். ஆகவே உரக்க ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றி ஏமாற்றும். நன்கு பழகிய ஒருவருடைய குரலைப் பதிவு செய்து கேட்பது எளிய சோதனை. அம்மாவின் குரல் அம்மாவின் குரலாகவே கேட்கிறதா என்று பாருங்கள். மேலும், பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலி வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே பாதுகாப்பான எல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிறுவர்க்கு அது 75 டெசிபல். கெட்ட ஹெட்போனை மாற்றலாம். கெட்ட செவியை மாற்ற இயலாது.

எங்கள் கதைக்கு வருவோம். அன்று மாலை முதல் இரண்டாம் குரலை மட்டும் தனியே, தம்புராவுடன் சேர்ந்து பாடிப் பழகினோம். நான்காம் நாள் மீண்டும் பதிவு செய்து அதே மாமாவின் ஹெட்போனில் கேட்டோம். முழக்கம் அன்றுபோலவே அடக்கமாகத்தான் இருந்தது. ஆனால் குரல்கள் சேர்ந்திருந்தன. அன்று கேட்ட "பிரமாதம்" ஹெட்போனுக்கு உரியது. இன்றைய மகிழ்ச்சியோ எங்களுக்கே உரியது.

தோழியரே, இன்பத்துக்கு எந்த விளக்கொளியிலும் சேலையைப் பார்க்கலாம். எடுப்பதற்கு முன் ஒருமுறை வாசலுக்கு வந்து பார்ப்போமாக!