வட்டவடையின் அடுக்கு வயல்கள்

மலைச் சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்கள் வட்டவடையைச் சேர்ந்தவை. மாவட்டம் கேரளத்தின் இடுக்கி, ஆனால் வீட்டில் பேசுவது பெரும்பாலும் தமிழ். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு என்று குளிர்மலைக் காய்கறிகள் இங்கு விளைகின்றன. ஓணச் சந்தைக்கு இந்த வயல்கள் முக்கியம்.

பெருமைக்குரிய பயிர் வெள்ளைப்பூண்டு. பல் சிறியது, காரம் அதிகம்; புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. காந்தளூர்–வட்டவடைப் பூண்டுக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் விலையைக் குறியீடு தீர்மானிப்பதில்லை. விதைக்கும் உரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், விளைந்ததை அந்த வியாபாரிக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது. அரசின் ஹார்ட்டிகார்ப் நிறுவனமும் வாங்குகிறது என்பது ஓரளவு ஆறுதல்.

வயல்களுக்கு மேலே தெரியும் உயரமான மரங்கள் கிராண்டிஸ் எனப்படும் யூகலிப்டஸ். ஆள்கூலி கட்டுப்படியாகாத நிலங்களில் இவற்றை நட்டார்கள். ஊற்றுகள் வற்றியதற்கு இவற்றையே ஊரார் குறை சொல்கிறார்கள். நிலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2006-இல் அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலை சரணாலயம் வட்டவடை, கொட்டக்கம்பூர் கிராமங்களைத் தொட்டுக் கிடக்கிறது. அதன் எல்லைக்குள் பட்டா யாருடையது என்ற வழக்கு நீண்டகாலம் இழுத்தது. சரணாலயத்துக்குப் பெயர் தந்த, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. அடுத்த முறை 2030. இடைப்பட்ட ஆண்டுகளில் பயணிகளை அழைத்துவருவது ஸ்ட்ராபெரித் தோட்டங்களும் ஜீப்புகளும்தான்.