ஒரு மீட்டர் குழாயில் ஏன் மூச்சுவிட முடியாது?

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங் பக்கமிருந்து லங்காவிக்குப் புறப்படும் குடும்பங்களில் உங்கள் குடும்பமும் ஒன்றாக இருக்கலாம். கோலக் கெடாவில் பெர்ரி ஏறிக் குவாவில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு படகில் தெற்கே 30 கிலோமீட்டருக்கு மேல் போனால் பாயார் தீவு வரும். 2 கிலோமீட்டர் நீளம்கூட இல்லாத தீவு. தங்க விடுதியும் கிடையாது. ஆனால், பவளப்பாறைகளுக்காக அதைச் சுற்றியுள்ள கடலைக் கடல் பூங்காவாகப் பாதுகாக்கிறார்கள்.

நீரில் இறங்குமுன் முகக்கண்ணாடியும் வளைந்த ஸ்நோர்க்கல் குழாயும் தருவார்கள். குழாயின் நீளம் 40 சென்டிமீட்டரைத் தாண்டாது. தோட்டத்து ஆற்றில் முங்கி விளையாடியவருக்கு உடனே ஒன்று தோன்றும்: இதோடு ஒரு ரப்பர் குழாயைச் செருகி நீட்டினால் அடியிலேயே உட்கார்ந்து மீன்களைப் பார்க்கலாமே!

செய்து பார்த்துவிடாதீர்கள். கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள்.

ஒரு மீட்டர் ஆழத்தில், உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய 100 கிராம் எடைக்குச் சமமான கூடுதல் அழுத்தம் விழும். மார்பின் முன்பக்கம் 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 600 சதுர செ.மீ. அப்படியானால் சுமை 60 கிலோ! குழாயின் மறுமுனை மேலே திறந்திருப்பதால், நுரையீரலுக்குள் இருப்பது கரையில் உள்ள அதே காற்றழுத்தம்தான். உள்ளிருந்து எதிர்த்துத் தள்ள எதுவும் இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சுமையை உங்கள் மார்புத் தசைகளே தூக்க வேண்டும்.

மூச்சடக்கி முங்குகிறவருக்கு ஏன் இந்தத் தொல்லை இல்லை? அவருடைய நுரையீரலில் அடைபட்ட காற்று சுருங்கி, வெளி அழுத்தத்துக்கு ஈடாகிவிடுகிறது. சிலிண்டர் கட்டி முக்குளிப்பவருக்கோ, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திலேயே காற்று கிடைக்கிறது. 1943இல் பிரான்சில் குஸ்தோவும் காஞ்ஞானும் உருவாக்கிய கருவியின் சூட்சுமம் அதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒரு மூச்சில் சுமார் 500 மில்லிலிட்டர் காற்றை இழுக்கிறார். அதில் 150 மி.லி. மூச்சுப்பாதையிலேயே நின்றுவிடும். 2 செ.மீ. விட்டமுள்ள ஒரு மீட்டர் குழாயின் கொள்ளளவு 314 மி.லி. ஆக, மேலிருந்து வரும் புதுக்காற்றில் நுரையீரலின் உள்ளறைகளை எட்டுவது வெறும் 36 மி.லி. மற்றதெல்லாம் நீங்களே விட்ட பழைய மூச்சு!

மூச்சடக்கும் போட்டியும் வேண்டாம். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். ‘மூச்சு விடு’ என்று நம்மை உந்துவது முக்கியமாக அந்த வாயுதான். அது குறைந்தால் எச்சரிக்கை தாமதமாகும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்குள்ளேயே மயக்கம் வரலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

பாயாரின் ஆழமற்ற கரையோரத்தில் கறுப்பு முனைத் துடுப்புச் சுறாக் குட்டிகள் சுற்றும். 45 செ.மீ. குட்டி உங்களுக்கு 60 செ.மீ. போலத் தெரியும், 4 மீட்டர் தூரத்தில் இருப்பது 3 மீட்டரில் வருவதுபோல இருக்கும். நீரிலிருந்து முகக்கண்ணாடிக்குள் உள்ள காற்றுக்கு வரும்போது ஒளி விலகுவதே காரணம். சீண்டாதவரை அவை விலகியே போகும்.

ஆனால், பயந்தவர் முதலில் செய்வது காலை ஊன்றுவது. காலடியில் இருப்பது கல் அல்ல, உயிருள்ள பவளம். 2010இல் கடல் சூடாகிப் பவளங்கள் வெளிறியபோது, இங்கேயும் சில முக்குளிப்பு இடங்களை மூடவேண்டி வந்தது. குழாயில் தண்ணீர் புகுந்துவிட்டால் பதற வேண்டாம். தலையை நீருக்கு மேலே தூக்கி, ‘தூ’ என்று ஒரே மூச்சில் பலமாக ஊதுங்கள். உயிர்காப்பு அங்கி உங்களை மிதக்க வைத்திருக்கும்.