தனிமையும் தீட்டும்: பெருந்தொற்றுக் கால நலவாழ்வு அறிவிப்புகளின் தமிழ்ச் சொல்லாட்சி

முன்னுரை

உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. அதனைத் தொடர்ந்த சில வாரங்களில், தமிழ் மக்கள் அதுகாறும் கேட்டிராத சொற்கள் பல நாள்தோறும் அவர்தம் செவிக்கு வந்து சேர்ந்தன. அவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் வகுக்கப்பெற்றுப் பின்னர்த் தமிழாக்கம் பெற்றவை. மொழிபெயர்ப்பு விரைந்து நடந்தது. விரைய வேண்டிய தேவையும் இருந்தது. ஆயினும், நோய் பற்றிய எச்சரிக்கை ஒன்று வேற்று மொழிக்கு மாற்றப்படும்போது, அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்படும் சொல் தான் முன்பே பெற்றிருந்த பொருளையும் உடன்கொண்டு வருகிறது. அப்பொருள் எச்சரிக்கையின் நோக்கத்திற்குத் துணைநிற்கலாம். அதனைத் திரித்தும் விடலாம். தமிழ்நாட்டு நிகழ்வுகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

இடர் என்னும் சொல்

நலவாழ்வு அறிவிப்புகளின் அடிப்படைக் கருத்து, நிகழவும் கூடும் நிகழாதொழியவும் கூடும் என்ற நிலையிலுள்ள ஒரு தீங்கின் வாய்ப்பளவு ஆகும். தமிழில் இதற்கு வழங்கும் ஆபத்து, அபாயம், இடர் ஆகிய மூன்றும் தீங்கைக் குறிக்கின்றனவேயன்றி அதன் வாய்ப்பளவைக் குறிக்கவில்லை. இலக்கிய வழக்கில் இடர் என்பது வந்துற்ற துன்பம், அது களையப்படுவது. ஆட்சித்தமிழில் பேரிடர் என்பது நிகழ்ந்துவிட்ட அழிவு. ஆகவே, ‘முதியோருக்கு ஆபத்து அதிகம்’ என்னும் தொடர் ஓர் ஒப்பீட்டளவாக மக்களைச் சென்றடைவது அரிது. முதியோரை நோய் பற்றும், இளையோரைப் பற்றாது என்ற பொருளிலேயே அது எளிதிற் கொள்ளப்படுகிறது. பேச்சுத்தமிழ் இக்குறையை உணர்ந்தே ‘ரிஸ்க்’ என்னும் கடன்சொல்லை ஏற்றுக்கொண்டது போலும். ‘ரிஸ்க் எடுக்காதே’ என்று மகனிடம் கூறும் தாய் நேர்தகவைத்தான் பேசுகிறார். அறிவிப்பு நடையில் அச்சொல்லுக்கு இடமில்லாது போயிற்று.

ஊரடங்கும் சமூக இடைவெளியும்

2020 மார்ச் 22இல் கடைப்பிடிக்கப்பட்ட ‘மக்கள் ஊரடங்கு’, மார்ச் 25இல் தொடங்கிய நாடளாவிய முடக்கம் ஆகிய இரண்டிற்கும் ஊரடங்கு என்ற சொல்லே நிலைபெற்றது. பொது முடக்கம் என்ற மாற்றுத்தொடரும் இதழ்களில் வழங்கியதெனினும் அது பேச்சில் வேரூன்றவில்லை. ஊரடங்கு உத்தரவு என்பது அதற்கு முன்னர்க் கலவரக் காலத்தில் காவல்துறை நடைமுறைப்படுத்திய ஆணையின் பெயர். அப்பெயரைத் தாங்கிய நோய்த்தடுப்பு நடவடிக்கை, காவலரின் கண்ணுக்குத் தப்பவேண்டிய ஒன்றாகப் பலராலும் கருதப்பட்டதில் வியப்பில்லை. காவலர் நிற்கும் முதன்மைச் சாலையில் முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு, தெருவிற்குள் திரும்பியதும் தாடைக்கு இறக்கிக்கொண்டோர் அஞ்சியது நோய்க்கிருமியை அன்று.

சென்னை உள்ளிட்ட சில மாநகரங்களில் 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை ‘முழு ஊரடங்கு’ என அறிவிக்கப்பட்டபோது, முந்தைய நாளில் கடைகளிலும் சந்தைகளிலும் பெருங்கூட்டம் திரண்டது. நடமாடும் காய்கறி விற்பனைக்கு அவ்வறிவிப்பிலேயே இசைவு தரப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் செவியில் விழுந்தது ‘முழு’ என்னும் அடைமொழியே. கோயம்பேட்டுச் சந்தை தொற்று மையமாக அறியப்பட்டு மே 5 அன்று மூடப்பட்டது. அக்கூட்டம் ஒன்றே அதற்குக் காரணம் எனல் பொருந்தாது. ஆனால் விலகி நில்லுங்கள் என்று கூறவந்த அறிவிப்பு மக்களை நெருக்கியடித்து நிற்கச் செய்தது என்பதை மறுக்க இயலாது.

சமூக இடைவெளி என்ற தொடரின் சிக்கல் இன்னும் ஆழமானது. தமிழில் சமூகம் என்பது சாதியைப் பண்பாகக் குறிக்கவும் வழங்கும் சொல். ‘அவர் எந்தச் சமூகம்?’ என்ற வினாவின் பொருளை விளக்கவேண்டியதில்லை. ஊருக்கும் சேரிக்கும் இடையே தலைமுறைகளாகப் பேணப்பட்ட இடைவெளியை அறிந்தவர்க்கு, சமூக இடைவெளியைக் கடைப்பிடிக்குமாறு அரசு அறிவுறுத்துவது எவ்வாறு ஒலித்திருக்கும்? உலகச் சுகாதார நிறுவனமே 2020 மார்ச் 20 அன்று, விலகியிருக்க வேண்டியது உடலளவிலேயன்றி உறவளவில் அன்று எனத் தெளிவுபடுத்தித் தன் சொல்லை மாற்றிக்கொண்டது. தமிழில் தனிமனித இடைவெளி, தனிநபர் இடைவெளி ஆகிய தொடர்கள் பின்னர்ப் பரவின. எனினும் முந்தையது முற்றாக நீங்கவில்லை.

வாயிலிற் கட்டிய வேப்பிலையும் ஒட்டிய தாளும்

நோயுற்றவரைப் பிரித்துவைத்தல் ஒன்று. நோயுற்றவரோடு பழகியவரை, நோய் உண்டோ இல்லையோ என அறியும்வரை பிரித்துவைத்தல் மற்றொன்று. மருத்துவம் இவ்விரண்டையும் வெவ்வேறு பெயரால் வழங்கும். தமிழில் இரண்டும் தனிமைப்படுத்துதல் என்றே வழங்கப்பட்டன. இதனால், வெளிநாட்டிலிருந்து திரும்பிய நலமான ஒருவர் வீட்டு வாயிலில் ‘ஸ்டிக்கர்’ ஒட்டப்பட்டதும் அவ்வீடு நோய்வீடாயிற்று. 2020 மார்ச் இறுதியில் நடிகர் கமல்ஹாசனின் ஆழ்வார்பேட்டை இல்லத்தில் அத்தகைய தாள் தவறுதலாக ஒட்டப்பட்டு அகற்றப்பட்டது. அவருக்கு நோய் என்ற செய்தி அதற்குள் பரவிவிட்டதால் அவரே விளக்கம் அளிக்க நேர்ந்தது. விளக்கமளிக்க மேடையற்ற குடும்பங்களின் நிலை வேறு. தாள் ஒட்டப்பட்ட வீட்டினர் தீண்டத்தகாதவர்போல் நடத்தப்படுவதே களநிலை என உச்ச நீதிமன்றம் 2020 திசம்பரில் சுட்டிக்காட்டியது. தகுந்த அதிகாரியின் ஆணையின்றி அவ்வாறு ஒட்டலாகாது எனவும் அம்மாதம் 9ஆம் நாள் தீர்ப்பளித்தது.

நோய்வீட்டிற்கு அடையாளமிடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று என்பது இங்கு எண்ணத்தக்கது. அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகப்படும். அதனைக் கண்டவர் உள்ளே செல்லார். வீட்டினரும் பிறர் இல்லம் புகார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை இக்கட்டுப்பாடு நீடிக்கும். செயலளவில் இதுவும் தனிமைப்படுத்துதலே. ஆனால் அம்மை ‘போட்டிருக்கிறது’ என்பதும், கொப்புளத்தை ‘முத்து’ என்பதும் நோயாளியைத் தாய்த்தெய்வம் இறங்கிய இடமாகக் காட்டும் சொற்கள். அவர் விலக்கப்படுவதும் வணங்கப்படுவதும் ஒருங்கே நிகழ்கின்றன. வேப்பிலையை வீட்டாரே கட்டுகின்றனர்; தாளையோ அலுவலர் ஒட்டினார். ஒன்று அறிவிப்பு, மற்றொன்று அம்பலப்படுத்துதல்.

இம்மரபைப் போற்றிப் பேசுவதற்கும் ஓர் எல்லை உண்டு. பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசியே. நோயைத் தெய்வச்செயலாகக் கருதி மறைத்தமை தடுப்பூசிப் பணிக்குத் தடையாகவும் இருந்ததுண்டு. கோவை வட்டாரத்தில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உள்ளன. 2021 மே மாதத்தில் அவ்வட்டாரத்து இருகூரில் கொரோனா தேவிக்குச் சிலையும் நிறுவப்பட்டது. நாளிதழ்கள் அதனை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன. புதிய நோயைப் பழைய நோயின் மொழியால் அறிந்துகொள்ள முயலும் மக்களோடு உரையாட அது ஒரு வாயிலாக அமையக்கூடும் என எண்ணியோர் சிலரே.

இறந்தவரும் அச்சமும்

2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாது கூட்டத்தினர் ஆம்புலன்சைத் தாக்கினர். புதைத்த உடலிலிருந்து நோய் தம் தெருவிற்குப் பரவும் என்பதே அவர்தம் அச்சம். ஒரு வாரத்திற்குள், இத்தகைய தடையை ஏற்படுத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கும் அவசரச் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு பிறப்பித்தது. அது தேவையான சட்டமே. ஆனால் அச்சத்திற்குச் சட்டம் விடையாகாது.

மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் 2014 முதல் 2016 வரை பதினோராயிரத்திற்கும் மேற்பட்டோரைக் கொன்ற எபோலாவின் பட்டறிவு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு இறந்தவர் உடல் மெய்யாகவே கடுந்தொற்று உடையது. ‘எபோலாவுக்கு மருந்தில்லை’ என்ற தொடக்கக்காலப் பரப்புரையைக் கேட்ட மக்கள், மருந்தில்லையெனின் மருத்துவமனை எதற்கு என நோயாளிகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டனர். பிணங்களை மறைவில் புதைத்தனர். குடும்பத்தார் அருகிருந்து வழிபட இடமளிக்கும் ‘பாதுகாப்பான, மதிப்புமிக்க அடக்கம்’ என்ற நெறிமுறை 2014 நவம்பரில் வகுக்கப்பட்ட பின்னரே எதிர்ப்புத் தணியத் தொடங்கியது.

இந்திய நலவாழ்வு அமைச்சகமும் உடலைக் கையாளுதல் பற்றிய வழிகாட்டு நெறிகளை 2020 மார்ச் 15 அன்றே வெளியிட்டிருந்தது. சென்னை நிகழ்விற்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர். நோய் முதன்மையாக நீர்த்திவலைகளாற் பரவுகிறது, உரிய முன்காப்புடன் இருப்போர்க்கு உடலால் கூடுதல் தொற்று வாய்ப்பு இல்லை, உறவினர் முகம் காணலாம், உடலைத் தொடாத சடங்குகளைச் செய்யலாம், சாம்பலால் தீங்கில்லை என அது கூறியது. மருத்துவப் பணியாளர்க்கென எழுதப்பட்ட ஆங்கில ஆவணம் அது. இறந்தவர் இருமுவதில்லை, தும்முவதில்லை, மண்ணுக்குள் சென்ற உடலிலிருந்து நோய் தெருவுக்கு வாராது என்ற மூன்று தொடர்களில் அதன் சாரத்தை எளிய தமிழில் கூறியிருக்க இயலும். இருமல் ஒலியோடு தொடங்கிய தொலைபேசி அழைப்புச் செய்தி அவ்வாண்டு மார்ச் முதல் நாள்தோறும் கோடிக்கணக்கானோர் செவியில் ஒலித்தவண்ணம் இருந்தது. இறந்தவரைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை.