விபத்துக் கார் சீரமைப்புத் தொழில்: சுத்தியலும் பட்டியும் மட்டும் போதாது, பயிற்சி பெறுவது எப்படி?

கொச்சி: மோதலில் நசுங்கிய கார், பட்டறையிலிருந்து பளபளப்பாகத் திரும்புவதாலேயே பாதுகாப்பான காராகிவிடுவதில்லை. அடுத்த விபத்தில் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் வலிமை அதற்குத் திரும்பக் கிடைத்திருக்கிறதா என்பதே முக்கியம். இதனால், 'டிங்கரிங்' என்று பரவலாக அழைக்கப்படும் தொழிலுக்கு முறையான பயிற்சி இன்றியமையாததாகிவிட்டது.

கொச்சியின் மட்டாஞ்சேரி இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. இங்குள்ள குறுகலான பஜார் சாலையை நறுமணப் பொருள் கிடங்குகளுக்கு வரும் சரக்கு வாகனங்களும் சுற்றுலாப் பயணிகளின் கார்களும் பகிர்ந்துகொள்கின்றன. கடலோரம் என்பதால் உப்புக் காற்றும் உண்டு. தகட்டைப் பற்றவைக்கும்போது, துருவைத் தடுக்கும் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும். அந்த இடத்தில் மீண்டும் காப்புப் பூச்சு அளிக்காவிட்டால், மேலே பூசிய வண்ணம் அழகாகத் தெரிந்தாலும் உள்ளே துரு பரவும்.

தொழில் மாறியது ஏன்?

பழைய முறையில், பள்ளிப் படிப்பை நிறுத்திய சிறுவன் பட்டறையில் சேர்ந்து, மூத்த தொழிலாளியிடம் தட்டி நிமிர்த்தவும் பட்டி பார்க்கவும் கற்றுக்கொள்வான். கைத்திறனுக்கு இன்றும் மதிப்பு குறையவில்லை. ஆனால், கார் மாறிவிட்டது.

இந்தியாவில் அறிமுகமாகும் புதிய மாடல் கார்களுக்கு மோதல் சோதனை விதிகள் 2017 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தன. நட்சத்திரத் தரமதிப்பு வழங்கும் 'பாரத் என்.சி.ஏ.பி.' திட்டம் 2023 அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கியது. இச்சோதனைகளை எதிர்கொள்ள, கதவை ஒட்டிய தூண்கள் போன்ற பகுதிகளில் சாதாரண உருக்கைவிட நான்கைந்து மடங்கு வலிமையுள்ள உருக்கு பயன்படுத்தப்படுகிறது. இத்தகைய பாகத்தை நெருப்பில் காட்டி நிமிர்த்தினால் அது தன் வலிமையை இழக்கும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட இடத்தில் வெட்டி, குறிப்பிட்ட முறையில் புதிய பாகத்தை இணைப்பதே சரியான வழி.

தவறினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில வழக்கு ஒன்று சான்று. பழைய கார் ஒன்றை வாங்கிய தம்பதியர் 2013-இல் விபத்தில் சிக்கிப் படுகாயமடைந்தனர். அந்தக் காரின் கூரை, தயாரிப்பாளர் கூறியபடி வெல்டிங் செய்யப்படாமல், பசையால் ஒட்டப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. சீரமைத்த பட்டறை 3.15 கோடி டாலருக்குப் பொறுப்பு என 2017-இல் நடுவர் குழு முடிவு செய்தது.

என்ன படிக்கலாம்?

மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககம் வகுத்துள்ள ஐ.டி.ஐ. பாடப்பிரிவுகளில் 'மெக்கானிக் ஆட்டோ பாடி ரிப்பேர்', 'மெக்கானிக் ஆட்டோ பாடி பெயின்டிங்' ஆகிய இரண்டும் இத்தொழிலுக்கு உரியவை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றோர் சேரலாம். பயிற்சிக் காலம் ஓர் ஆண்டு. மொத்தம் 1,200 மணி நேரப் பயிற்சியில் 840 மணி நேரம் செய்முறைக்கே ஒதுக்கப்படுகிறது. தேர்ச்சி பெறுவோருக்குத் தேசிய தொழிற்சான்றிதழ் வழங்கப்படும்.

அதன்பின் 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் நிறுவனங்களில் பழகுநராகச் சேரலாம். ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவருக்கான குறைந்தபட்ச உதவித்தொகை, 2019 விதித் திருத்தத்தில் மாதம் 7,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது.

மட்டாஞ்சேரி இளைஞர்கள் நகரின் வடகிழக்கே களமசேரியில் உள்ள அரசு ஐ.டி.ஐ.யை அணுகி விவரம் அறியலாம். எந்த நிலையத்தில் எந்தப் பிரிவு நடைபெறுகிறது என்பதைச் சேர்க்கை அறிவிப்பில் உறுதிசெய்த பிறகே விண்ணப்பிப்பது நல்லது.

ஏற்கெனவே பட்டறையில் பணிபுரிவோர் மீண்டும் ஓராண்டு வகுப்பில் அமர வேண்டியதில்லை. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உள்ள 'முன்கற்றல் அங்கீகாரம்' என்ற பிரிவு, அனுபவத்தால் பெற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றளிக்கிறது. வாகனத் துறைக்கான தகுதித் தரங்களை வாகனத் திறன் மேம்பாட்டுக் குழுமம் வகுக்கிறது.

கற்க வேண்டியவை

சேதத்தை மதிப்பிடுதல், அளவு மேடையில் வண்டியைப் பொருத்தி அடிச்சட்டத்தின் கோணலை மில்லிமீட்டர் கணக்கில் அளத்தல், இழுத்து நேராக்குதல், ஸ்பாட் வெல்டிங், துருத் தடுப்பு, வண்ணம் கலத்தல் ஆகியவை அடிப்படைப் பாடங்கள். ஏர்பேக் உணரிகளைக் கையாளுதலும், பம்பரிலும் முகப்புக் கண்ணாடியிலும் உள்ள ரேடார், கேமராவை மீண்டும் அளவமைத்தலும் புதிதாகச் சேர்ந்தவை. மின்சாரக் கார்களில் உயர் மின்னழுத்த இணைப்பைத் துண்டித்த பிறகே தகட்டில் கை வைக்க வேண்டும்.

தொழிலாளியின் உடல்நலமும் பயிற்சியின் ஒரு பகுதியே. இரு கூறு வண்ணப்பூச்சுகளில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், மிகக் குறைந்த அளவும் மூச்சுத்திணறலைத் தூண்டலாம். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வது இதைத் தடுக்காது. காற்றோட்ட வசதியுள்ள தனி அறையும், குழாய் வழியே தூய காற்று தரும் முகமூடியும் தேவை.

எனவே, பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அளவு மேடை, ஸ்பாட் வெல்டிங் இயந்திரம், வண்ணம் தெளிக்கும் அறை ஆகிய மூன்றும் பயன்பாட்டில் உள்ளனவா என்று நேரில் பார்த்துவிட்டுச் சேர்வது பயனளிக்கும். இவை இல்லாத இடத்தில் கிடைக்கும் சான்றிதழ், பட்டறையில் முதல் நாளிலேயே கைகொடுக்காமல் போகலாம்.