சின்னஞ்சிறு திரையில் ஒரு பாம்பு

கண்ணைப் பறிக்கும் வண்ணங்களோடு புதுப்புது விளையாட்டுகள் நாள்தோறும் கைப்பேசியில் வந்து குவிகின்றன. அவற்றுள் பல ஓராண்டுக்குள் மறக்கப்படுகின்றன. ஆனால், 1997ஆம் ஆண்டு நோக்கியா 6110 என்னும் கைப்பேசியில் ஊர்ந்து வந்த ஒரு கறுப்புப் பாம்பை மக்கள் இன்னும் மறந்தபாடில்லை. 2017இல் நோக்கியா 3310 புது வடிவில் மீண்டும் விற்பனைக்கு வந்தபோது அந்தப் பாம்பும் உடன் வந்தது. இதன் காரணம் யாது?

பழைய நினைவுதான் என்று பெற்றோர் கூறுவர். எங்களுக்கு அது போதிய விடையாகத் தோன்றவில்லை. அக்கைப்பேசிகள் கடைகளை ஆண்ட காலத்தில் நாங்கள் பிறக்கவே இல்லை. ஆயினும் அப்பாம்பு கையில் கிடைத்தால் நாங்களும் எளிதில் கீழே வைப்பதில்லை. (வீட்டில்தான், பள்ளி விதியை நாங்கள் அறிவோம்!) ஆகவே காரணம் விளையாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

விதி மிக எளிது. பாம்பு ஓயாமல் ஊர்கிறது. அதை நிறுத்த முடியாது, திருப்ப மட்டுமே முடியும். 2, 4, 6, 8 ஆகிய பொத்தான்கள் முறையே மேல், இடம், வலம், கீழ் எனத் திசை காட்டும். இரையைத் தின்னுந்தோறும் உடல் சற்று நீளும். சுவரிலோ தன் உடலிலோ தலை மோதினால் ஆட்டம் முடிந்தது. பாட்டியும் பேத்தியும் ஒரே நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

நுட்பம் இனிமேல்தான் இருக்கிறது. பிற ஆட்டங்களில் பகைவன் வெளியிலிருந்து வருவான். இங்கே பகைவனே கிடையாது. நன்றாக ஆட ஆட உடல் நீள்கிறது. நீண்ட உடலே வேலியாக நம்மை வளைக்கிறது. அத்திரையில் இருந்தவை அகலத்தில் 84, உயரத்தில் 48, ஆக 4032 புள்ளிகள் மட்டுமே. முதலில் மைதானம் போல் விரிந்திருக்கும் அவ்விடம், போகப் போகச் சந்து போல் குறுகிவிடும். தேர்ந்தவர்கள் உழவர் சால் ஓட்டுவது போல வரிசை வரிசையாக மடித்து ஓட்டி இடத்தை மிச்சப்படுத்துவார்கள். பரமபதத்தில் பாம்பு கடித்தால் தாயக்கட்டையைக் குறை கூறலாம். இங்கே நாமே பாம்பு. யாரைக் குறை கூறுவது?

இதை நோக்கியாவுக்கு அமைத்துத் தந்தவர் பின்லாந்து நாட்டுப் பொறியாளர் தனெலி அர்மான்டோ. கருத்து அவருடையதன்று, 1976இலேயே அமெரிக்காவில் காசு போட்டு ஆடும் 'பிளாக்கேட்' என்ற ஆட்டத்தில் அது இருந்தது. ஆனால், அவர் சேர்த்த ஒரு சிறு தயவு எங்களை மிகவும் கவர்ந்தது. தலை மோதப்போகும் கணத்தில் இமைப்பொழுதிலும் குறைந்த ஒரு தாமதத்தை வைத்தார். அதற்குள் திருப்பிவிட்டால் பிழைக்கலாம். ஆடுபவருக்கு இது தெரியாது. "நூலிழையில் தப்பினேன்" என்று மகிழ்வார். அம்மகிழ்ச்சியே அவரை மறுபடியும் ஆடத் தூண்டுகிறது.

2000இல் வந்த 3310 கைப்பேசியின் இரண்டாம் பாம்பு, சுவரில் மோதாமல் மறுபக்கம் வெளிவரும். அது சற்றுச் செல்லம் கொடுத்தது என்பது எங்கள் எண்ணம்.

இத்தகைய எளிய கைப்பேசிகள் நம் மாநிலத்திலேயே உருவாயின என்பது பலருக்குத் தெரியாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா தொழிற்சாலை இயங்கியது. அங்கு உழைத்தவருள் பெரும்பாலோர் இளம்பெண்கள்.

இன்றைய ஆட்டங்களுள் பலவற்றுக்கு முடிவே இல்லை. நேற்று ஏன் வரவில்லை என்று கேட்கின்றன; பரிசு காட்டி அழைக்கின்றன; அப்பாவின் பணத்தையும் கேட்கின்றன. நம்மை எழவிடாமல் இருத்துவதே அவற்றின் தொழில். பழைய பாம்புக்கு இணையமும் வேண்டாம், விளம்பரமும் இல்லை. பேருந்து வரும்வரை ஆடலாம். மோதியதும் ஓர் எண்ணைக் காட்டிவிட்டு அமைதியாகிவிடும். மறுபடி ஆடுவதா, புத்தகத்தை எடுப்பதா என்பதை நம்மிடமே விட்டுவிடும்.

பாம்பின் உடல் திரை முழுவதையும் நிரப்பிவிட்டால் அடுத்த இரையை வைக்க இடமே இராது. அந்நிலையைக் கண்ணால் கண்டவர் எங்கள் வகுப்பில் இதுவரை எவருமில்லை.