இளைஞர் அமைப்புகளின் உறுப்பினர் விதிகளும் பாலீர்ப்பும்: ஓட்டப்பிடாரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்
அமெரிக்கச் சாரணர் இயக்கம் தன்பாலீர்ப்பினரை வெளிப்படையாக விலக்கியது. இந்தியாவின் தேசிய மாணவர் படைச் சட்டமோ பாலீர்ப்பைக் குறிப்பிடாமல், ஆண், பெண் என்னும் பகுப்பின்வழி உறுப்பினரை வரையறுக்கிறது. இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு, விதியின் மௌனம் பாதுகாப்பாகாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பாலீர்ப்பு, பாலின அடையாளம், தேசிய மாணவர் படை, சாரணர் இயக்கம், உறுப்பினர் விதி, ஓட்டப்பிடாரம்.

முன்னுரை
தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் நிலப்பரப்பில் அமைந்தது ஓட்டப்பிடாரம், வ.உ.சிதம்பரனார் பிறந்த ஊர். மானாவாரி வேளாண்மையையும் கோவில்பட்டியைச் சுற்றிய தீப்பெட்டித் தொழிலையும் சார்ந்த இவ்வட்டாரக் குடும்பங்களுக்குச் சீருடைப் பணி நிலையான ஊதியம் தரும் வழிகளுள் ஒன்று. தமிழ்நாட்டின் காவலர் தேர்வில் தேசிய மாணவர் படைச் சான்றிதழுக்குச் சிறப்பு மதிப்பெண் வழங்கப்பட்டு வந்துள்ளது. எனவே இப்படையில் சேர்வது அணிவகுப்புப் பயிற்சியோடு முடிவதன்று. அவ்வாய்ப்பு யாருக்கு உரியது என்பதை உறுப்பினர் விதியே தீர்மானிக்கிறது.

1. இரு கருத்தாக்கங்கள்
ஒருவர் யார்பால் ஈர்ப்புக் கொள்கிறார் என்பது பாலீர்ப்பு. ஒருவர் தம்மை எப்பாலினராக உணர்கிறார் என்பது பாலின அடையாளம். இவ்விரண்டும் வேறுவேறானவை. திருநங்கை, திருநம்பி ஆகியோரின் அடையாள உரிமையை உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு நால்சா வழக்கில் ஏற்றது. வயதுவந்தோரின் இசைவுடன் கூடிய தன்பாலுறவு குற்றமன்று என்பது 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் நிலைநாட்டப்பெற்றது. உறுப்பினர் விதிகளை ஆராயும்போது இவ்வேறுபாட்டை மனங்கொள்ளுதல் வேண்டும். ஒன்றுக்குக் கிடைத்த தீர்வு மற்றொன்றுக்குத் தானாகப் பொருந்துவதில்லை.

2. வெளிப்படையான விலக்கு
அமெரிக்காவில் ஜேம்ஸ் டேல் என்பவர் தன்பாலீர்ப்பினர் என அறியப்பட்டதால் 1990ஆம் ஆண்டு சாரணர் இயக்கப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எனினும் 2000ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், தன் கருத்துக்கு மாறானவரை விலக்கும் சங்க உரிமை தனியார் அமைப்புக்கு உண்டு என ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் முடிவு செய்தது. பின்னர் இயக்கமே தன் விதியை மாற்றிக்கொண்டது. 2014 முதல் சிறாரையும், 2015இல் வயதுவந்த பொறுப்பாளர்களையும் பாலீர்ப்பைக் காரணம் காட்டி விலக்கும் முறை நீங்கியது. சமய நிறுவனங்கள் நடத்தும் குழுக்கள் மட்டும் தம் பொறுப்பாளரைத் தம் கொள்கைப்படி தெரிவுசெய்ய இடமளிக்கப்பட்டது. இங்கு விலக்கு எழுத்தில் இருந்தது. ஆதலால் அதனை எதிர்த்து வாதிடவும் முடிந்தது.

3. பகுப்பின்வழி விலக்கு
தேசிய மாணவர் படை தனியார் சங்கமன்று; 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசு நிறுவியது. ஆகவே சங்க உரிமை என்னும் வாதம் இதற்குப் பொருந்தாது. அரசமைப்பின் சமத்துவ உறுப்புகள் இதனை நேரடியாகக் கட்டுப்படுத்துகின்றன. இச்சட்டத்தின் 6ஆம் பிரிவு ஆண்பால் மாணவர் முதுநிலை, இளநிலைப் பிரிவுகளிலும், பெண்பால் மாணவர் பெண்கள் பிரிவிலும் சேர வழிசெய்கிறது. மூன்றாம் வகை பேசப்படவில்லை.

திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்ற திருநங்கை ஒருவர் பெண்கள் பிரிவில் சேர இயலாத நிலையில் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினார். 2021 மார்ச் 15 அன்று நீதிபதி அனு சிவராமன், 1948ஆம் ஆண்டுச் சட்டம் 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் செயற்பாட்டைத் தடுக்க இயலாது எனக் கூறி, அவர் தேர்வில் பங்கேற்க உரிமையுடையவர் எனத் தீர்ப்பளித்தார்.

4. சொல்லின் பொருள் விரிவு
இதனையொத்த பொருள்கோள் முறை தூத்துக்குடியிலிருந்து எழுந்த வழக்கு ஒன்றில் முன்னரே அமைந்தது. தூத்துக்குடிச் சங்கரராமேசுவரர் கோயிலில் 2018ஆம் ஆண்டு நடந்த திருமணம் ஒன்றைப் பதிவுசெய்யப் பதிவுத்துறை மறுத்தது. மணமகள் திருநங்கை என்பதே காரணம். 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ என்னும் சொல் மாறாப் பொருளுடையதன்று. அது திருநங்கையையும் உள்ளடக்கும் எனத் தீர்ப்பளித்தார். ‘மணமகள்’ விரிந்தது போலவே ‘பெண்பால் மாணவர்’ என்னும் தொடரும் விரிந்தது. ஆயினும் இம்முறைக்கு எல்லை உண்டு. ஆண், பெண் ஆகிய இரண்டிலும் தம்மை அடக்காத ஒருவருக்குச் சொற்பொருள் விரிவு பயன்தராது, பகுப்பே மாறவேண்டும்.

5. மௌனமும் பாதுகாப்பும்
தன்பாலீர்ப்புடைய மாணவரைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு தடுப்பதில்லை, குறிப்பிடுவதும் இல்லை. அவர் சேரலாம். ஆனால் முகாமில் கேலிக்கோ துன்புறுத்தலுக்கோ உள்ளானால், அது பாலீர்ப்பு சார்ந்த பாகுபாடு எனப் பெயரிட்டு முறையிட அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. முறையிட முனைந்தால் தம் பாலீர்ப்பை ஊரறிய வெளிப்படுத்த நேரும். ஒருவரையொருவர் அறிந்த சிற்றூர்ச் சூழலில் இதன் விலை பெரிது. அதனால் பலர் பேசாதிருத்தலையே தெரிவுசெய்யக்கூடும். முறையீடு இல்லாமையைச் சிக்கல் இல்லாமையாகக் கொள்வது பிழை.

இவ்விடைவெளியை நிரப்பும் முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே உண்டு. 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த இடைக்கால ஆணை, காவல்துறை, கல்வி நிறுவனங்கள் உள்ளிட்டவற்றில் விழிப்புணர்வுப் பயிற்சி நடத்த வழிகாட்டியது. அதன் தொடர்ச்சியாக, இழிபொருள் தராத தமிழ்ச் சொற்களின் பட்டியலை மாநில அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது.

முடிவுரை
வெளிப்படையான விலக்கு, பகுப்பின்வழி விலக்கு, மௌனம் என மூவகையாக உறுப்பினர் விதிகள் செயற்படுகின்றன. முதலாவது விதிமாற்றத்தால் நீங்கியது. இரண்டாவதற்குச் சொற்பொருள் விரிவு ஓரளவே தீர்வு தந்துள்ளது. மூன்றாவது இன்னும் ஆராயப்பட வேண்டியது. ‘பாலீர்ப்பு, பாலின அடையாளம் காரணமாக எவரும் மறுக்கப்படார்’ என்னும் ஒரு தொடரும், பெயர் வெளிவராமல் முறையிடும் வழியும் விதியில் இடம்பெறின், ஓட்டப்பிடாரம் போன்ற ஊர்களின் மாணவர் தம்மை மறைத்துக்கொள்ளாமலே அணியில் நிற்க இயலும்.