முகவரியின் வால் அறிக

பொங்கலுக்கு ஊர் செல்லும் அன்பர்கள் பலர் ரெயில் விவரங்களை இன்று இணையதளத்தில் காண்கின்றனர். அவர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம்.

நம் மைசூர்க் கோட்டம் 2003-ஆம் ஆண்டு தென்னக ரெயில்வேயினின்று பிரிந்து, ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு ரெயில்வேயில் சேர்ந்தது. ஆயினும் இரண்டு மண்டலங்களின் தளங்களும் ‘இந்தியன்ரெயில்வேஸ்.கவ்.இன்’ என்ற ஒரே பெயரின் கீழ் உள்ளன. அதன் முன் ‘எஸ்ஆர்’ என்று எழுதிப் புள்ளியிட்டால் தென்னகம். ‘எஸ்டபிள்யூஆர்’ என்றால் தென்மேற்கு. இம்முன்பெயர் கொண்ட தளமே துணைக்களம் எனப்படும். மண்டலந்தோறும் தனி நிருவாகம் நடத்தலாம். குடும்பப் பெயரோ ஒன்றே. அக்குடும்பப் பெயருக்கு உரியவர் இசைவின்றிப் பிறர் துணைக்களம் அமைத்தல் இயலாது.

ஆதலின் எம்முகவரியையும் முதற்சாய்கோடு வரை எடுத்து, வலமிருந்து இடமாகப் படியுங்கள். தொடக்கத்தில் ரெயில்வேயின் பெயர் இருந்தும், முடிவில் அயலான் பெயர் நின்றால், அத்தளம் அயலானுடையதே. பணம் செலுத்துமுன் இதனைப் பார்த்தல் நலம்.